பெத்தவள் நான் பார்த்தால் என்ன தப்பு?

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இது. பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

“வணக்கம் ஐயா. கணவர் குவைத்தில் டிரைவராக இருக்கிறார். நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். ஒரே பையன், ஒன்பதாம் வகுப்பு. அவர் போன தடவை வந்தபோது தன் பழைய போனை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்நேரமும் ஃப்ரீ ஃபயர் கேம்தான். போன வாரம் பேங்க் பாஸ்புக் போட்டுப் பார்த்தால் 80 ரூபாய், 240 ரூபாய் என்று இரண்டு மாதத்தில் 3,760 ரூபாய் போயிருக்கிறது. எனக்கு ஜிபே சொல்லிக் கொடுத்ததே அவன்தான், பின் நம்பர் அவனுக்குத் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு மைக்கில் யார் யாரிடமோ பேசுகிறான், இந்தியில்கூடக் குரல் கேட்கிறது. என் நாத்தனார் மகன் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஒரு ஆப் போட்டுத் தருகிறேன், அவன் வாட்ஸ்அப், போட்டோ, போகிற இடம் எல்லாம் உங்கள் போனில் வந்துவிடும், அவனுக்குத் தெரியவே தெரியாது, வருஷத்துக்கு 1,500 ரூபாய் என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் போன் நாம் பேசுவதையே ஒட்டுக் கேட்கிறதாமே? நாங்கள் மிக்ஸி வாங்கலாம் என்று பேசினோம், மறுநாளே மிக்ஸி விளம்பரம் வந்தது. எவன் எவனோ பார்க்கும்போது, பெத்தவள் நான் பார்த்தால் என்ன தப்பு? ஒரு நாள் அவன் ‘நீயும் வாம்மா, விளையாடச் சொல்லித் தர்றேன்’ என்றான். இருந்த கோபத்தில் திட்டி அனுப்பிவிட்டேன்.”

அன்புள்ள சகோதரிக்கு,

‘மனசு ஒப்பவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மனசு சொல்வதைக் கேளுங்கள். அந்த ஆப் வேண்டாம். பதினேழு வருஷமாக மொபைல் பாதுகாப்புப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். போனுக்குள் எது எப்படி நுழைகிறது, உள்ளே போனபின் எதை எங்கே அனுப்புகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. வெறுமனே ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், அடுத்த ராத்திரி அவன் குரல் கேட்கும்போது உங்கள் கை மறுபடி அந்தப் பக்கம்தான் போகும். அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

ஒருவருக்குத் தெரியாமல் அவரை வேவு பார்க்கும் ஆப்களுக்குக் கூகுள் ப்ளே ஸ்டோரில் அனுமதி கிடையாது. ஆகவே உங்கள் நாத்தனார் மகன் அதை வெளியிலிருந்து ஏபிகே என்ற, ஆப்பை நிறுவும் ஃபைலாகத்தான் இறக்குவார். அதற்கு முதலில் பையன் போனில் ‘ப்ளே புரொடெக்ட்’ என்ற காவலை அணைக்க வேண்டும். தெரியாத இடத்திலிருந்து ஆப் இறக்க அனுமதி தர வேண்டும். அப்புறம் ‘அக்சஸிபிலிட்டி’ என்று ஒரு அனுமதி. கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்வதற்காக வைத்த வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் வருகிற ஒவ்வொரு எழுத்தையும் அந்த ஆப் படிக்கும். கூடவே எஸ்எம்எஸ், மைக், இருப்பிடம். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதச் சலான் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பி, அதைத் தொட்டவர்களின் வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கும்பல்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அவர்கள் கேட்பதும் இதே அனுமதிகளைத்தான். ஒரு தடவை அவற்றைத் திறந்து வைத்துவிட்டால், பின்னாலேயே வேறு எது நுழைந்தாலும் அந்த போன் வாயைத் திறந்து எச்சரிக்காது.

இன்னொன்று. அவனுடைய செய்தியும் போட்டோவும் அவன் போனிலிருந்து நேராக உங்கள் போனுக்கு வருவதில்லை. நடுவில் அந்த ஆப் கம்பெனியின் சர்வர் இருக்கிறது. எல்லாம் அங்கே போய்த் தங்கி, அங்கிருந்துதான் நீங்கள் பார்ப்பீர்கள். அந்தக் கம்பெனி எந்த நாட்டில் இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று உங்கள் நாத்தனார் மகனைக் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. போலந்து நாட்டில் லெட்மீஸ்பை என்று இப்படி ஒரு ஆப் இருந்தது. 2023 ஜூனில் யாரோ அதன் சர்வருக்குள் புகுந்து, அது சேர்த்து வைத்திருந்த செய்திகள், அழைப்பு விவரங்கள், இருப்பிடங்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதத்தில் கம்பெனியே மூடிவிட்டது. அமெரிக்காவில் ஸ்பைஃபோன் என்ற ஆப், திரட்டிய விவரங்களைச் சரியாகப் பூட்டிக்கூட வைக்கவில்லை. இந்தத் தொழிலையே செய்யக் கூடாது என்று 2021 செப்டம்பரில் அந்நாட்டு வணிக ஆணையம் அதற்குத் தடை போட்டது. இரகசியம் எதுவும் இல்லாமல், குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தே போட்டுக்கொள்ளும் லைஃப்360 என்ற ஆப்கூட, யார் எங்கே இருக்கிறார்கள் என்ற விவரத்தை வாங்கி விற்கும் தரகுக் கம்பெனிகளுக்கு விற்று வந்தது 2021 டிசம்பரில் செய்தியாக வெளிவந்தது. பிள்ளைகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று போட்டவர்கள்தான் அத்தனை பேரும்.

நீங்கள் ‘பெத்தவள் நான் பார்த்தால்’ என்று கேட்டீர்கள். நீங்கள் மட்டும் பார்ப்பதாக இருந்தால் அது தாய்க்கும் மகனுக்கும் நடுவிலான விஷயம். இந்த ஏற்பாட்டில் உங்களுக்கு முன்னாலேயே முகம் தெரியாத ஒருவர் பார்த்துவிடுகிறார்.

சரி, அப்படி யாரும் நடுவில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்குக் காரணம் என் வீட்டில் நடந்தது. என் மகள் பதினோராம் வகுப்பு படித்தபோது, திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எனக்குப் பயம். ஒரு நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் போனை எடுத்து, அவளுடைய வாட்ஸ்அப்பை என் லேப்டாப்பில் இணைத்துவிட்டேன். நான்கு நாள் படித்தேன். கெமிஸ்ட்ரி டெஸ்டில் மார்க் குறைந்துவிட்டது, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தோழியிடம் அழுதிருந்தாள். அவ்வளவுதான் விஷயம். ஐந்தாம் நாள், ‘வாட்ஸ்அப் வெப் இயங்குகிறது’ என்று அவள் போனில் வந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டாள். சண்டை போடவில்லை, அழவில்லை. போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, ‘கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேப்பா’ என்றாள். அதற்குப் பிறகு காலேஜ் சேருகிற வரைக்கும் தன் விஷயம் எதையும் அவளாக வந்து என்னிடம் சொன்னதில்லை. நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதெல்லாம் அந்த நான்கு நாளோடு எனக்கு மூடிப்போனது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு. உங்கள் பையனுக்கு இப்போது பதினான்கு வயது இருக்கும். போன் விஷயத்தில் அவன் உங்களைவிடக் கெட்டிக்காரன், ஜிபேயே அவன்தான் சொல்லிக் கொடுத்தான் என்கிறீர்கள். என்றைக்காவது அந்த ஆப்பை அவன் கண்டுபிடிப்பான். கண்டுபிடித்த நாளில் இந்த 3,760 ரூபாய் விவகாரம் பின்னால் போய்விடும். அம்மா திருட்டுத்தனமாகப் பார்த்தாள் என்பதுதான் முன்னால் நிற்கும்.

இனி அந்த மிக்ஸி. இதை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. 2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களை எடுத்து, மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து பேச்சை அனுப்புகிறதா என்று சோதித்தார்கள். அப்படி ஒன்றுகூடச் சிக்கவில்லை. சில ஆப்கள் திரையில் நாம் செய்வதைப் படம் பிடித்து வெளியே அனுப்பியதுதான் சிக்கியது. உண்மையில் உங்களைத் தெரிந்துகொள்ள விளம்பரக் கம்பெனிகளுக்கு உங்கள் குரல் தேவையே இல்லை. ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் விளம்பரத்துக்கென்று ஒரு அடையாள எண் இருக்கிறது. எந்த ஆப்பில் எதைத் தேடினீர்கள், எந்தப் படத்தில் விரல் நின்றது, எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் அந்த எண்ணின் பேரில் சேருகிறது. பேச்சு முடிந்ததும் நீங்களோ பையனோ மிக்ஸி விலையைத் தேடியிருப்பீர்கள். ஒரே வைஃபையில் இருக்கிற போன்களை ஒரே வீடு என்று கணக்குப் பண்ண அவர்களுக்குத் தெரியும். பேசிய பிறகு வராத விளம்பரங்கள் நூறு இருக்கும், அவை நினைவில் நிற்பதில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல், ஏதாவது ஆப் மைக்கையோ கேமராவையோ திறந்தால் திரையின் மேல் ஓரத்தில் பச்சைப் புள்ளி தெரியும். சந்தேகம் வந்தால் அதைப் பாருங்கள். செட்டிங்ஸில் கூகுள், அதில் ‘ஆட்ஸ்’ என்று போனால் அந்த விளம்பர எண்ணை அழித்துவிடவும் வழி இருக்கிறது. இரண்டு போனிலும் இன்றைக்கே செய்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை.

ஆனால் ‘எவன் எவனோ பார்க்கிறான்’ என்று நீங்கள் சொன்னதில் ஒரு உண்மை உண்டு. அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. பார்க்கிறார்கள் என்பதற்காக நாமும் பார்த்துவிடுவதைவிட, அவர்கள் பார்ப்பதைக் குறைப்பதுதான் பெற்றவர்கள் செய்ய வேண்டியது. அதற்கு உங்கள் கையில் ஒரு நல்ல வழி இருக்கிறது, அதைத்தான் நம் வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை.

அந்த போன் உங்கள் கணவருடைய பழைய போன் என்றீர்கள். அதில் இன்னும் அவருடைய ஜிமெயில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் கூகுளைப் பொறுத்தவரை ஃப்ரீ ஃபயர் விளையாடுவது நாற்பது வயது ஆள். பையனுக்கு வரும் விளம்பரம், யூட்யூப் எடுத்துக்கொடுக்கும் வீடியோ எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களின் வயதையும் விருப்பத்தையும் வைத்து விளம்பரம் குறிவைப்பதை நிறுத்துவதாகக் கூகுள் 2021 ஆகஸ்டில் அறிவித்தது. யூட்யூபிலும் அந்த வயதுக்காரர்களுக்கு அடுத்தடுத்த வீடியோ தானாக ஓடுவது அணைந்தும், தூங்கும் நேர நினைவூட்டல் திறந்தும் இருக்கும். இதெல்லாம் உண்மையான பிறந்த தேதி கொடுத்தவர்களுக்குத்தான். நாம் அவசரத்தில் 1990 என்று ஏதோ ஒரு வருஷத்தைத் தட்டிவிடுகிறோம், அல்லது அப்பாவின் கணக்கையே விட்டுவிடுகிறோம். பிள்ளைக்கென்று இருக்கிற பாதுகாப்பு அவனுக்கு வந்து சேராமலே போகிறது. அவனுக்கென்று ஒரு கணக்கு, உண்மையான பிறந்த தேதியோடு திறந்து கொடுங்கள். ஒரே எச்சரிக்கை: அவனுடைய ஃப்ரீ ஃபயர் ஐடி எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று அவனையே கேட்டுவிட்டு, அதற்கு ஒரு வழி செய்தபின் பழைய கணக்கை எடுங்கள். கேட்காமல் எடுத்தால் அவன் இத்தனை நாளாகச் சேர்த்த லெவல், ரேங்க் எல்லாம் கைக்கு எட்டாமல் போய்விடும். உங்களுக்கு அது ஒன்றுமில்லாததாகத் தெரியலாம், அவனுக்கு அப்படி இல்லை.

சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவோ குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது என்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, கம்பெனிகளுக்கு அவகாசமும் தந்திருக்கிறார்கள். முழுதாக நடைமுறைக்கு வரும்வரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொண்டால் உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி குறையும். ‘பத்து நிமிஷம்மா, வந்துடறேன்’ என்று அவன் சொல்வான், இல்லையா? அது பெரும்பாலும் சாக்கு இல்லை. ஃப்ரீ ஃபயரில் ஒரு மேட்ச்சில் ஐம்பது பேர் இறங்குகிறார்கள், கிட்டத்தட்டப் பத்து நிமிஷம் ஓடும். நம் காலத்து வீடியோ கேம் மாதிரி நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பிஜிஎம்ஐ என்ற இன்னொரு ஆட்டம் என்றால் நூறு பேர், அரை மணி நேரம்கூடப் போகும். ஸ்குவாடாக விளையாடும்போது நான்கு பேர் ஒரு அணி. நீங்கள் போனைப் பிடுங்கினால் மற்ற மூன்று பேர் ஆள் குறைந்து தோற்பார்கள், நாளைக்கு ஸ்கூலில் அவனைத்தான் கேட்பார்கள். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது பேட்டிங் பண்ணிக்கொண்டிருப்பவனை வீட்டுக்குக் கூப்பிட்டால் என்ன கோபம் வருமோ அதே கோபம். அதனால் ‘ஒரு மணி நேரம்’ என்று கணக்கு வைக்காமல் ‘நாலு மேட்ச்’ என்று வையுங்கள். நாலாவது மேட்ச் முடிந்ததும் போன் ஹாலுக்கு வந்துவிட வேண்டும். இதைச் சொல்லிப் பார்த்த வீடுகளில் பிள்ளைகள் ஆச்சரியமாகக் கேட்பார்கள், ‘உங்களுக்கு மேட்ச்னா என்னன்னு தெரியுமா’ என்று. அந்த ஒரு கேள்வி வந்துவிட்டாலே பேச்சு நடக்கிறது என்று அர்த்தம்.

ராத்திரி மட்டும் கறாராக இருங்கள். பத்து மணிக்கு மேல் போன் அவன் படுக்கிற இடத்தில் இருக்கக் கூடாது. உங்கள் போனும் சேர்ந்தே ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். குவைத்திலிருந்து வரும் அழைப்புக்காக உங்களுடையது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால், அதை அவனிடம் சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற இலவச ஆப் இதற்கு உதவும். தூங்கும் நேரம் வைக்கலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று வைக்கலாம், ப்ளே ஸ்டோர் வழியாக எதையும் வாங்குவதற்கு உங்கள் அனுமதி வேண்டும் என்று வைக்கலாம். அது இருப்பது அவனுக்குத் தெரியும், அவன் செய்திகளைப் படிக்க அதில் உங்களுக்கு வழி கிடையாது. இந்த இரண்டு காரணத்துக்காகவே அதை நான் சொல்கிறேன். அவனை உட்கார வைத்து, அவன் முன்னாலேயே போடுங்கள். பூட்டு மட்டும் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். சீனாவில் 2021 முதல் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே ஆன்லைன் ஆட்டம் ஆடலாம் என்று அரசாங்கமே விதி போட்டது. அங்கேயும் பிள்ளைகள் தாத்தா பாட்டி பெயரில் கணக்கு வைத்து விளையாடினார்கள்.

அந்த 3,760 ரூபாய்க்கு வருவோம். முதலில், அவனைத் திருடன் என்று சொல்லாதீர்கள். கேட்காமல் எடுத்தது தப்பு, அதை அவனிடம் நேராகச் சொல்லுங்கள். ஆனால் அந்த ஆட்டம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். ரூபாயை அங்கே நேராகச் செலவு செய்ய முடியாது, ஆட்டத்துக்குள் மட்டும் செல்லும் ‘டைமண்ட்’ என்ற காசாக மாற்ற வேண்டும். டைமண்டாக மாறிய பிறகு அது பணம் என்ற நினைப்பே பிள்ளைக்கு வராது. ‘லக் ராயல்’ என்று ஒரு சுற்று இருக்கிறது. டைமண்டைக் கொடுத்துச் சுற்றினால் வேண்டிய உடையோ துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின்னோ வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் இன்னொரு தடவை. இப்படிக் காசு கொடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பெட்டி வாங்கும் முறை சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் நாட்டு அதிகாரிகள் 2018-லேயே சொல்லிவிட்டார்கள். ஃபோர்ட்நைட் ஆட்டத்தை நடத்தும் எபிக் கேம்ஸ் 52 கோடி டாலர் கட்ட 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி, குழப்பமான பட்டன்களை வைத்துப் பிள்ளைகள் உட்படப் பலரை வாங்க வைத்ததற்காக வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை. மீதி, பிள்ளைகளின் விவரத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் திரட்டியதற்கு அபராதம். பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் உட்கார்ந்து கட்டிய வலை இது. ஒன்பதாம் வகுப்புப் பையன் அதில் விழுந்ததை அவன் குணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பணம் திரும்புமா என்றால், ஜிபேயில் ஒவ்வொரு வரியையும் தொட்டு யாருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். கூகுள் ப்ளே என்று இருந்து, வாங்கி 48 மணி நேரம் ஆகாமல் இருந்தால் கூகுளிடமே திருப்பிக் கேட்கலாம். அதைத் தாண்டினால் ஆட்டக் கம்பெனியிடம் கேட்கச் சொல்வார்கள், கிடைப்பது கஷ்டம். பழைய தொகை போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏதாவது தனி ஆள் பெயருக்குப் போயிருந்தால் அதை அவசியம் விசாரியுங்கள். இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் மலிவாக டாப்-அப் செய்து தருகிறேன் என்று சொல்லி, கேம் ஐடியின் பாஸ்வேர்டையே வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இலவச டைமண்ட் என்று வரும் லிங்க் எல்லாம் கணக்கைத் திருடும் வழிதான். அப்படி யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்திருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இனிமேல் போகாமல் இருக்க, இன்றைக்கே யுபிஐ பின்னை மாற்றிவிடுங்கள். ‘மாற்றிவிட்டேன்’ என்று அவனிடம் சொல்லியே மாற்றுங்கள். ஜிபேயில் ‘ஆட்டோபே’ பகுதியில் ஏதாவது மாதாமாதம் போகிறதா என்று பார்த்து, தேவையில்லாததை ரத்து செய்யுங்கள். யுபிஐ லைட் திறந்திருந்தால் அதில் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் கேட்காமலே போகும், அதையும் மூடிவிடுங்கள். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் உறுதி கேட்கும்படி வைக்கலாம், வைத்துவிடுங்கள். அப்புறம் உங்கள் வசதியைப் பார்த்து மாதம் 50 ரூபாயோ 100 ரூபாயோ அவன் கையில் கொடுத்து, ‘இதில் டைமண்ட் வாங்கினாலும் சரி, பரோட்டா தின்றாலும் சரி’ என்று விடலாம். சிலருக்கு இது பிடிக்காது. முழுக்க மறுத்த வீடுகளில் பையன்கள் கடையில் ரொக்கம் கொடுத்து, டைமண்ட் வாங்க உதவும் ரீடீம் கோடு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்து போகிற நூறு ரூபாயை நான் தேர்ந்தெடுப்பேன். எடுத்த 3,760-ஐ எப்படித் தீர்ப்பது என்று அவனையே கேளுங்கள். தையல் வேலையில் பட்டன் கட்டுவது, துணி கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஏதாவது சொல்வான்.

பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களை, ரம்மி மாதிரியானவற்றை, 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. உங்கள் பையன் அந்தப் பக்கம் போகவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. போயிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இது நோயா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் வரிகளில் அந்தப் பயம் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் ஆட்ட அடிமைத்தனத்தைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அளவுகோல் கடுமையானது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாவற்றையும் பின்னால் தள்ளி, கெடுதல் தெரிந்தும் தொடர்ந்து, பொதுவாக ஒரு வருஷமாவது அப்படியே இருந்தால்தான் அந்தப் பெயர் வைக்கிறார்கள். அதை ஒரு டாக்டர்தான் சொல்ல முடியும், நான் சொல்லக் கூடாது. அவன் ஸ்கூலுக்கே போக மறுத்தால், நண்பர்களைப் பார்ப்பதை நிறுத்தினால், போனை வாங்கினால் தன்னைக் காயப்படுத்திக்கொள்வேன் என்றால், காத்திருக்காமல் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக அந்த இந்திக் குரல்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று நினைக்கிறேன், அந்த ஆப்பைப் பற்றி யோசித்ததும் அதற்காகத்தான். பெரும்பாலும் அவனைப் போலவே வேறொரு ஊரில் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு விளையாடும் பையன்களாகத்தான் இருப்பார்கள். பெரியவர்களும் இருக்கலாம், அதனால் கவலைப்படுவது சரிதான். அவனோடு மூன்று விஷயம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்கூல் பெயர், ஊர், போன் நம்பர், போட்டோ கேட்டால் கொடுக்கக் கூடாது, ஆட்டத்தை விட்டு வேறு ஆப்பில் பேச வா என்று யாராவது கூப்பிட்டால் உங்களிடம் சொல்ல வேண்டும், சொன்னதற்காக நீங்கள் போனைப் பிடுங்க மாட்டீர்கள். இந்தக் கடைசி வாக்கை நீங்கள் கொடுத்தால்தான் முதல் இரண்டையும் அவன் கேட்பான்.

‘நீயும் வாம்மா’ என்று அவன் கூப்பிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். பதினான்கு வயதில் அப்படிக் கூப்பிடுகிற பையன்கள் அதிகம் கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷினை மூடிவிட்டு, அன்றைக்குத் திட்டியதற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘டிரெய்னிங் கிரவுண்டு’ என்று ஒன்று இருக்கிறது, அதில் தோற்றாலும் ரேங்க் போகாது. முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அப்புறம் அவன் ஸ்குவாடோடு ஒரு மேட்ச் ஆடும்போது பக்கத்திலிருந்து பாருங்கள். இவன் யாரு, அவன் எந்த ஊரு என்று கேளுங்கள். அந்தக் குரல்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக அவனே பெயர் சொல்லுவான்.